கரிசல் சீமையில் கொக்கி ஊசி

தையல் கடை வாசலில் தொங்கும் பலகையைப் படித்தாலே ஓர் ஊரின் பத்து வருடக் கதை தெரிந்துவிடும். ‘ஓரம் அடித்து, ஃபால்ஸ் தைத்துத் தரப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்த பலகைகளில், அருப்புக்கோட்டையிலும் பாலையம்பட்டியிலும் திருச்சுழியிலும் இப்போது இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: ‘ஆரி வேலை செய்து தரப்படும். வகுப்பும் உண்டு.’ கடைக்கு மேலே ஒரு மாடி அறை, தரையில் நாலைந்து மரச் சட்டங்கள், சட்டத்துக்கு இரண்டு பக்கமும் பெண்கள். பந்தல்குடியிலிருந்தும் கல்லூரணியிலிருந்தும் நரிக்குடிப் பக்கத்திலிருந்தும் காலைச் சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மினி பஸ் பிடித்து வருகிறவர்கள். கல்யாணமாகிப் படிப்பு நின்றுபோனவர்கள், கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள், பட்டாசு ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்.

விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதி வானம் பார்த்த சீமை. கண்மாய் பெருகினால் நெல். இல்லையென்றால் கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும் குதிரைவாலியும் மல்லியும்தான். குண்டாறு வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலாகவே கிடக்கும். விருதுநகரையும் பக்கத்து ராமநாதபுரத்தையும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018-இல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலுக்குள் வந்தவை இந்த இரண்டு மட்டுமே. இங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற கூலி வேலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். களையெடுப்பு, நூறு நாள் வேலை, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, விடியுமுன் வந்து நிற்கும் ஸ்பின்னிங் மில் வேன், தீப்பெட்டி, பட்டாசு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதிரிச் செய்திகள் வருடந்தோறும் வருகிற மாவட்டத்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை என்பது சாதாரண ஆறுதல் இல்லை.

அதனால்தான், கொக்கி ஊசியால் துணியில் பூத்தையல் போடக் கற்றுத்தரும் இந்த ஆரி வகுப்புகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கக் கூடாது. கிராமப்புறப் பெண்களுக்காக முன்னோடி வங்கிகள் நடத்தும் சுயதொழில் பயிற்சி நிலையங்களிலும் இந்தப் பாடம் இருக்கிறது. பயிற்சியும் சாப்பாடும் இலவசம், சுமார் ஒரு மாதம், முடிவில் ஒரு சான்றிதழ். இந்த நிலையங்களுக்கு முன்மாதிரி 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி நிலையம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் ஆரிப் பயிற்சி மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. கைக்குத் தையல் வருகிறது. எதைத் தைப்பது, எந்தத் துணியில் தைப்பது, என்ன கூலி கேட்பது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் அந்தக் கை எப்படிப் பழகுகிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் அது லேசான காரியம் இல்லை.

துணியைச் சட்டத்தில் ஏற்றுவதிலேயே பாதி வித்தை இருக்கிறது. ஜாக்கெட் துணியின் ஓரங்களில் காடாத் துணியை இணைத்து, சட்டத்தின் கம்புகளில் சுற்றி, பக்கவாட்டில் சணல் கயிறு கோத்து இழுத்துக் கட்டுவார்கள். விரலால் சுண்டினால் மத்தளம் மாதிரி ஓசை வர வேண்டும். தொய்வு இருந்தால் தையல் சுருங்கிவிடும். அடுத்தது டிரேசிங். பட்டர் பேப்பரில் வரைந்த கோலத்தின் கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, துணிச் சுருளால் தேய்த்தால், துளை வழியே புள்ளி புள்ளியாகக் கோலம் துணியில் இறங்கும். வெளிர் நிறத் துணியாக இருந்தால் வெள்ளைக்குப் பதில் நீலம்.

பிறகு ஊசி. மரக் கைப்பிடி, அதில் பொருத்திய மெல்லிய கம்பி, முனையில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கொக்கி. சாதாரணத் தையலில் நூல் ஊசியோடு போகும். ஆரியில் நூல் துணிக்குக் கீழே, இடது கையில் இருக்கும். வலது கை மேலிருந்து ஊசியைக் குத்தி இறக்க, கீழே இருக்கும் கை நூலைக் கொக்கியில் போட, ஊசி அரைவட்டம் திரும்பி நூலை வளையமாக மேலே இழுத்து வரும். அந்த வளையத்துக்குள்ளேயே மறுபடி இறங்கி அடுத்த வளையம். இப்படி வளையத்துக்குள் வளையமாகப் போவதுதான் சங்கிலித் தையல். கீழே நடப்பதைக் கண் பார்க்காது. இடது கை தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் ஊசி துணியையே கவ்விக்கொண்டு நிற்கும்.

“என்னக்கா, திரும்பத் திரும்பத் துணியிலயே மாட்டுது?”

“திருப்பாம இழுத்தா மாட்டத்தான் செய்யும், தாயி. உள்ள போகும்போது கொக்கி முன்னாடி பாக்கணும். வெளிய வரும்போது உன்னப் பாக்கணும். முதுகுப் பக்கமா லேசா அழுத்திக்கிட்டே தூக்கு, ஓட்டை பெரிசாகி வழி விடும்.”

“கை வலிக்குதுக்கா.”

“இறுக்கிப் பிடிக்காத. எழுதுற பேனா மாதிரி பிடி.”

ஒரு வரி ஒழுங்காக வந்த சந்தோஷத்தில் கடைசி வளையத்தைப் பூட்டாமல் நூலை வெட்டிவிடுவது அடுத்த தவறு. சங்கிலித் தையலின் குணம் அது. முனை பூட்டாமல் விட்டால் ஒரே இழுப்பில் காலையிலிருந்து போட்டது மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை அப்படிப் பறிகொடுத்தவள் பிறகு முடிச்சை மறக்கவே மாட்டாள். சங்கிலி பழகிய பிறகுதான் லோடு தையல், வாட்டர் ஃபில்லிங், ஜமிக்கி, சுகர் பீட்ஸ், குந்தன் கல், சுருள் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கோக்கும் ஜர்தோசி எல்லாம். இந்த வரிசையை மாற்றி, பத்தாம் நாளே கல்லும் மணியும் ஒட்டிக் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு கழுத்து டிசைனைச் செய்யவைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பும் வகுப்புகள் பெருகிவிட்டன. சங்கிலி சீராக வராதவர் போட்ட கல் இரண்டு சலவைக்குத் தாங்காது.

இந்தக் கொக்கி ஊசி நம் ஊருக்கு வந்த வழி நீளமானது. தோல் தைக்கும் கொக்கிக் குத்தூசிதான் இதற்குத் தாய். குஜராத்தின் கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளில் செருப்பும் சேணமும் தைத்த மோச்சி சமூகத்தார் அதையே நுணுக்கமாக்கிப் பட்டில் பூ போட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கரையோரமாகப் போன மார்க்கோ போலோ, சிவப்பிலும் நீலத்திலும் பறவையும் விலங்கும் பொன், வெள்ளி இழைகளால் தைக்கப்பட்ட குஜராத்தின் தோல் விரிப்புகளை வியந்து எழுதியிருக்கிறார். தோலிலிருந்து துணிக்கு வந்த அந்த வேலை, முகலாயர் காலத்தில் அரண்மனைகளை அடைந்தது. கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. 1760 வாக்கில் பிரான்ஸில் சீமாட்டிகள் வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி இதே கொக்கியால் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தின் தொழிலாளர்களைப் பட்டியலிடும்போது துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. அந்த இரண்டு தொழிலும் சந்தித்த இடத்தில்தான் ஆரி பிறந்தது. செருப்புத் தைத்தவரின் கருவி இன்று முகூர்த்த ஜாக்கெட்டில் ஏறியிருக்கிறது என்பதை ஆரி வகுப்பு நடத்தும் ஒவ்வொருவரும் முதல் நாள் பாடமாகச் சொல்ல வேண்டும் என்பேன்.

இன்னொரு மாற்றமும் வழியிலேயே நடந்திருக்கிறது. லக்னோவிலும் பரேலியிலும் மும்பைப் பட்டறைகளிலும் ஆரியும் ஜர்தோசியும் பெரும்பாலும் ஆண்களின் தொழில். பெரிய சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, அப்பனிடமிருந்தும் உஸ்தாதிடமிருந்தும் வருடக்கணக்கில் கற்றுக்கொள்வார்கள். சென்னையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் அப்படிப்பட்ட கைவினைஞர்கள் உண்டு. பாரிஸின் புகழ்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பமான லெசாஜ் வீட்டுப் பிள்ளை ஒருவர் 1990-களில் சென்னையில் பட்டறை போட்டதே அவர்களின் கையை நம்பித்தான். மும்பையில் 2016-இல் தொடங்கப்பட்ட சாணக்யா கைவினைப் பள்ளி, ஆண்கள் கையில் இருந்த இந்த வேலையைப் பெண்களுக்கு முறையாகக் கற்றுத்தந்தது. 2023 மார்ச் 30 அன்று டியோர் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா வாசலில் நடத்திய ஆடைக் காட்சியில் சாணக்யா பட்டறையின் வேலை உலகத்தின் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலோ எந்தப் பெரிய நிறுவனமும் சொல்லாமலே இது பெண்கள் தொழிலாகிவிட்டது. ஏற்கெனவே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த பெண் தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தையும் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

வறண்ட நிலத்துப் பெண்கள் ஊசியால் கூலி கண்டது இது முதல்முறையும் இல்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னும் வகுப்பும் தொடங்கினார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலம் அது. அந்த லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். மார்த்தாவின் மகள் எலிசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, நெல்லைச் சீமையின் செம்மண் தேரியில் இருக்கும் இடையன்குடிக்குப் போனார். ஒப்பிலக்கணம் எழுதிய கணவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேரிக்காட்டில் பனையேறிக் குடும்பத்துப் பெண்களுக்குப் படிப்போடு லேஸ் வேலையும் பழக்கிய எலிசாவின் பெயர் அந்த அளவுக்குத் தெரியாது. லேஸ் வேறு, பூத்தையல் வேறு. ஆனாலும் ஊசியும் நூலும் ஒரு பெண்ணின் கைக்குக் காசாக வந்து சேரும்போது வீட்டுக்குள் அவள் நிற்கும் இடம் மாறுகிறது என்பதை இந்தத் தென்கோடி இருநூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது.

இன்னும் பக்கத்தில், அருப்புக்கோட்டைக்காரர்கள் கல்யாண ஜவுளிக்குப் போகும் மதுரையிலேயே ஒரு தையல் மரபு உண்டு. மீனாட்சி கோயில் முன்னே இருக்கும் புது மண்டபத்தில் தலைமுறைகளாக இருந்த தையல்காரர்கள், சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்கு வெல்வெட்டிலும் பட்டுத் துணியிலும் ஜரிகையும் ஜிகினாவும் வைத்து உடுப்புத் தைப்பார்கள். தேரில் தொங்கவிடத் துணித் தொம்பை, சாமிக்குக் குடை, வாசலுக்குத் தோரணம் எல்லாம் அங்கேதான். வெட்டி ஒட்டித் தைக்கும் அந்த வேலையில் யாளியும் மயிலும் தாமரையும் உண்டு. அண்மை ஆண்டுகளில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆரி வகுப்பில் சேரும் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் வரும் டிசைன் பி.டி.எஃப். தெரியும், இந்தத் தொம்பையின் மயில் தெரியாது. அது அவள் குற்றம் இல்லை. காட்ட வேண்டியவர்கள் காட்டவில்லை.

சரி, காசுக்கு வருவோம். ஆரி ஜாக்கெட் என்றால் பெரிய பணம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழுத்து, முதுகு, இரண்டு கை என்று நெருக்கமான வேலை உள்ள முகூர்த்த ஜாக்கெட்டுக்கு 3,000 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். நூல், மணி, கல், ஜர்தோசி, டிரேசிங் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் போகிறது. மீதி 2,300. வீட்டு வேலைக்கு நடுவே தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்து எட்டு நாளில் முடிக்கிறாள் என்றால் ஒரு நாளைக்கு 288 ரூபாய்கூட நிற்காது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். நுணுக்கமான கைவேலைக்காரி மண்வெட்டிக் கூலியைவிடக் குறைவாக வாங்குகிறாள். கடைக்காரரிடமிருந்து துணியை வாங்கி வந்து செய்கிறவள் என்றால் அதிலும் பாதியை மறந்துவிட வேண்டியதுதான். இந்தக் கணக்கைப் போட அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் உட்கார்ந்து செய்வதால் அந்த நேரத்துக்கு விலை இல்லை என்று அவளும் நினைக்கிறாள், வீட்டாரும் நினைக்கிறார்கள், ஜாக்கெட் கொடுக்கிறவரும் நினைக்கிறார்.

“ஒம் மதினிக்கு நாமளே செஞ்சு குடுத்துருவோம்ல, அதுக்கு என்னத்துக்குக் காசு?” என்று மாமியார் கேட்கும்போது எட்டு நாள் உழைப்பு உறவுக் கணக்கில் கரைந்துவிடுகிறது.

வேலையும் வருடம் முழுக்க இருக்காது. தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் இரவு பன்னிரண்டு மணி வரை விளக்கு எரியும். ஆடியிலும் மார்கழியிலும் சட்டம் சுவரில் சாய்ந்து கிடக்கும். மழை பொய்த்த வருடம் காட்டில் வெள்ளாமை இல்லையென்றால் தைக் கல்யாணங்களின் ஜாக்கெட்டும் எளிமையாகிவிடும். ஆக, மழையை நம்பி நிற்பதிலிருந்து இந்த ஊசியும் அவளை முழுக்க விடுவிக்கவில்லை. உடம்புக்கும் ஒரு விலை உண்டு. கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும், முதலில் தளர்வது கண். ஜன்னலோரத்துப் பகல் வெளிச்சம், இடது தோளுக்கு மேலிருந்து ஒரு விளக்கு, மணிக்கொருமுறை எழுந்து தூரத்துப் பச்சையைப் பார்ப்பது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் எழுதப்பட வேண்டிய விஷயங்கள்.

இதற்கெல்லாம் மேலே வந்து நிற்கிறது கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. கழுத்தும் கையும் போட்டு முடித்த ஜாக்கெட் துணி சில நூறு ரூபாய்க்குக் கடையில் தொங்குகிறது. ஒரே டிசைனை ஆயிரம் முறை அச்சுப் பிசகாமல் போடும் மெஷினோடு, அதே டிசைனைக் கையால் போட்டுப் போட்டியிட முடியாது. ஃபோனில் வந்த படத்தைப் பார்த்து அப்படியே போடுவதை மட்டும் கற்றுக்கொண்ட கைக்கு இதுதான் ஆபத்து. பார்த்துப் போடுகிற வேலையை மெஷின் எடுத்துக்கொள்ளும். தானே கோலம் கட்டத் தெரிந்தவளிடமிருந்து எடுக்க முடியாது.

அப்படிக் கட்டத் தெரியாதவர்களா இந்தப் பெண்கள்? மார்கழி விடியலில் வாசலில் பதினைந்து புள்ளி வைத்து, மனத்துக்குள்ளேயே சுழியைக் கணக்குப் பண்ணி, ஒரு கோடு தப்பாமல் சிக்குக் கோலத்தை முடிக்கிற கை அது. புள்ளியை எண்ணிப் போடும் கோலமும் இழையை எண்ணிப் போடும் தையலும் ஒரே அறிவின் வேலை. நீலகிரித் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தங்கள் புத்குளிப் போர்வையில் பூத்தையல் போடுகிறார்கள். அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தார்வாடுப் பக்கத்துக் கசூதித் தையலும் எண்ணிப் போடுவதுதான், அதற்கு 2006-லேயே கிடைத்துவிட்டது. அருப்புக்கோட்டையிலோ எண்ணும் அறிவு வாசலோடு நிற்கவில்லை. தேவாங்கர், சாலியர் தெருக்களில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் இது. தார் சுற்றியும் பாவு பிணைத்தும் பழகிய பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று புட்டாவைக் கணக்கிடும் நெசவாளர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, ஆரி வகுப்பில் வரைதல் என்ற பாடமே இல்லாமல் இருப்பது எனக்கு ஆறவில்லை.

துணியும் அப்படித்தான். கைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊரில், ஆரி ஊசி குத்துவது வெளியூர் விசைத்தறிப் பட்டுத் துணியிலும் செயற்கை இழைத் துணியிலும். பக்கத்துத் தறியில் நெய்த பருத்திச் சேலை கட்ட ஆளில்லாமல் கிடக்க, நெசவுக் குடும்பத்துப் பெண் சூரத்துத் துணியில் கல் பதித்துக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டையும் ஒரே சேலையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. கனத்த கல்லும் மணியும் பருத்திக்கு ஏற்றவையல்ல. ஆனால் பருத்தி நூலில் போட்ட சங்கிலித் தையல், முந்தியில் ஒரு கொடி, உடலில் சிதறிய மல்லிகை அரும்பு, கரையோரமாக ஒரு சிக்குக் கோலம் என்று போட்டால் சலவைக்குத் தாங்கும், வெயிலுக்கும் இதமாக இருக்கும், தினசரி கட்டலாம். கல்யாண மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆபீசுக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் வருடம் முழுக்க வாங்குவார்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்குக் கட்ச் பகுதியைக் காட்டலாம். ஆரி பிறந்த மண், நம்மைவிடக் காய்ந்த மண். 1969-இல் அங்கே கடும் பஞ்சம். நிவாரண வேலைக்காகத் தனேதி என்ற கிராமத்துக்குப் போன சந்தாபென் ஷ்ராஃப், அங்கே பெண்கள் இலவசமாக எதையும் வாங்கிக்கொள்ளத் தயங்கியதைக் கண்டார். அவர்கள் உடுத்தியிருந்த துணியில் இருந்த பூத்தையல் அவர் கண்ணில் பட்டது. சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பெண்களின் வழக்கமான தையலையே அதில் போடச் சொன்னார். அப்படித் தயாரான முப்பது சேலைகள் விற்ற கதையிலிருந்து ‘ஷ்ருஜன்’ அமைப்பு பிறந்தது. 2006-இல் சந்தாபென்னுக்கு ரோலெக்ஸ் விருது வந்தது. 2016-இல் பூஜ் அருகே அஜ்ரக்பூரில் கட்ச் தையல்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் கற்கும் இடமும் திறக்கப்பட்டன. ஒவ்வொரு சமூகத்தின் தையலையும் பெரிய துணிப் பலகைகளில் போட்டு வைத்திருக்கிறார்கள், அடுத்த தலைமுறை பார்த்துக் கற்பதற்காக.

அதே கட்ச்சில் 2005-இல் ஜூடி ஃப்ரேட்டர் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா இன்னும் ஒருபடி போனது. ஏற்கெனவே தையல் தெரிந்தவர்களுக்கு வண்ணம், வடிவமைப்பு, சந்தை, விலை, நேர்த்தி ஆகியவற்றைக் கற்றுத்தருவதற்கென்றே அந்தப் பள்ளி. வருடத்தில் ஆறு முறை, முறைக்கு இரண்டு வாரம் வகுப்பு. நடுவில் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. குடும்பத்தை விட்டு ஒரேயடியாக மாதக்கணக்கில் வர முடியாத பெண்ணின் நிலைமை தெரிந்து போட்ட ஏற்பாடு அது. நம் ஊர் ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு இப்படி ஓர் இரண்டாம் கட்டம் இல்லாததுதான் பெரிய குறை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கி இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பணி, நோயோடு நிற்காமல் பிழைப்பையும் பார்த்தது. அந்தப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் தங்கள் தையலையே மறக்கத் தொடங்கியிருந்தார்கள். நினைவில் வைத்திருந்த மிகச் சில மூத்த பெண்களிடமிருந்து இளையவர்கள் மறுபடி கற்றார்கள். ‘பொர்கை’ என்ற அமைப்பு உருவானது. அதே பள்ளத்தாக்கில் ரசாயனம் இல்லாமல் விளைந்த பருத்தியும் அந்தத் தையலுக்குத் துணியாகிறது. விளைச்சலும் துணியும் ஊசியும் ஒரே ஊரின் கையில். கரிசல் பருத்தி, ஸ்பின்னிங் மில், தறி, ஆரி ஊசி எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் அருப்புக்கோட்டையில் இவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட ஆள் இல்லை.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் 25 வகைத் தொழில்களில் துணியில் செய்யும் கலை வேலைப்பாடும் ஒன்று. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். நல்லதுதான். ஆனால் விண்ணப்பிக்கக் குறைந்தது 35 வயதாகியிருக்க வேண்டும். ஆரி வகுப்புகளில் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். சாதித் தொழிலுக்குள்ளேயே பிள்ளைகளைத் தள்ளிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் வைத்த வயது வரம்பு அது என்பது புரிகிறது, அந்த எண்ணமும் சரியானது. ஆனால் ஆரி எந்தச் சாதிக்கும் இந்த ஊரில் பரம்பரைத் தொழில் இல்லை. பல தெருப் பெண்கள் ஒரே சட்டத்தில் எதிரெதிரே உட்காரும் புதுத் தொழில். இதற்கு மட்டும் வயதைத் தளர்த்துவதில் ஒரு நஷ்டமும் வராது.

விருதுநகர் மாவட்ட நிர்வாகத்துக்கும், கைத்தறித் துறைக்கும், 1935-லிருந்து நெசவாளர் சேலையை விற்றுக்கொண்டிருக்கும் கோ-ஆப்டெக்ஸுக்கும் ஒரு வேண்டுகோள். அருப்புக்கோட்டைக் கைத்தறிச் சங்கத்தில் நெய்த நூறு சேலையை எடுத்து, சான்றிதழோடு வீட்டில் சும்மா இருக்கும் ஆரிப் பெண்களிடம் கொடுங்கள். ஒரு வடிவமைப்பு ஆசிரியரை வைத்து, கோலத்திலிருந்தும் தொம்பையிலிருந்தும் தறிப் புட்டாவிலிருந்தும் அவர்களே வரைந்த டிசைனைப் போடச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் கூலி போட்டு, அந்தக் கூலியைச் சேலையோடு தொங்கும் சீட்டில் அச்சிட்டு விற்றுப் பாருங்கள்.

படிக்கிற உங்களுக்கும் ஒன்று. ஆரி ஜாக்கெட் கொடுக்கும்போது துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கையால் போட்ட சங்கிலித் தையலின் பின்பக்கம் மெல்லிய ஒற்றைக் கோடாக ஓடும். பெரும்பாலான மெஷின் வேலையில் வெள்ளை அடிநூலும் ஒட்டுத் தாளும் தெரியும். கைவேலைதான் என்று தெரிந்துகொண்ட பிறகு, “கொஞ்சம் குறைச்சுக்கோங்கக்கா” என்று ஆரம்பிக்காமல், “எத்தனை நாள் ஆகும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாட்களை, மேலே சொன்ன நூறு நாள் வேலைக் கூலியான 336-ஆல் பெருக்கி, சாமான் செலவைக் கூட்டிப் பாருங்கள். அதற்குக் குறைவாக எந்த ஆரி வேலையையும் வாங்காதீர்கள்.